பின் வீலில் சத்தம்: பேரிங்கை மாற்றும் முன்

"பின் வீலில் சத்தம் வருது" என்று வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால், வீலைக் கழற்றுவதற்கு முன்பே வரும் பதில் "பேரிங் போயிருக்கும்" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சரியில்லாத நேரத்தில் பேரிங்குக்கும் கூலிக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், முதல் திருப்பத்திலேயே அதே சத்தம் கூடவே வரும். டயரோ, டிரம்முக்குள் உடைந்த ஒரு சின்ன ஸ்பிரிங்கோ, பஞ்சர் போட்ட பிறகு சரியாக இறுக்காத நட்டோதான் உண்மையான காரணமாக இருந்திருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காதைக் கொடுத்தால் இந்தச் செலவு மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் அதிகம் ஓடும் வகைக்கு: முன் வீல் இழுக்கும் சிறிய கார், பின்னால் டிரம் பிரேக், இரண்டு பின் வீல்களையும் இணைக்கும் டார்ஷன் பீம். மாருதி, ஹூண்டாய், டாடா சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான்.

முதல் கேள்வி, சத்தம் சக்கரத்தோடு சுற்றுகிறதா என்பது. 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் போனால் வீல் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 முறை சுற்றும், 10 கி.மீ.யில் ஒன்றரை முறை. ஆளில்லாத தெருவில், ஒரு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். வீலில் கிளம்பும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். வலப்பக்கச் சுவர், இடப்பக்கச் சுவர் என்று மாற்றிப் பார்த்தால் எந்தப் பக்க வீல் என்பதும் ஓரளவு பிடிபடும். சத்தத்தை எண்ணுங்கள். நொடிக்கு ஒன்றரை, வேகம் கூட்டினால் மூன்று என்று வந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம். அப்படி எண்ண முடிகிற சத்தம் பெரும்பாலும் பேரிங் அல்ல. பேரிங்குக்குள் நிறைய குண்டுகள் இருப்பதால் அதன் சத்தங்கள் ஒன்றோடொன்று கலந்து "ஊம்ம்ம்" என்ற முழக்கமாகவே வெளியே வரும். மிகவும் கெட்டுப்போன பேரிங் மட்டும் கரகரவென்று அரைக்கும்.

எண்ண முடிகிற சத்தத்தில் மிக எளிதானது "டிக் டிக்". டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லி அல்லது ஆணித் தலை. வண்டியை ஒரு அடி ஒரு அடியாக உருட்டி டயர் முழுக்கப் பாருங்கள். கல்லை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுக்கலாம். ஆணி என்றால் பிடுங்க வேண்டாம், காற்று இறங்கும். பஞ்சர் கடைக்குப் போய் எடுப்பதே நல்லது.

அடுத்தது "டொக் டொக்". இது அவசரம். பஞ்சர் போட்டோ, டயர் மாற்றியோ, அலைன்மென்ட் செய்தோ ஓரிரு நாளில் இந்தச் சத்தம் வந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த நட்டோடு ஓடினால் ரிம்மின் ஓட்டை நீள்வட்டமாகும், போல்ட் அறும், கடைசியில் வீலே கழன்றுவிடும். சிறிய கார்களில் வீல் நட்டின் இறுக்கம் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற வரிசையில் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று ஒரே மூச்சில் முடுக்குவது பல கடைகளில் வழக்கம். அதில் ஒரு நட்டு மிகையாகவும் இன்னொன்று குறைவாகவும் நின்றுபோகும். கடைசி இறுக்கத்தையாவது கையால் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நட்டெல்லாம் சரி என்றால் பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கப்பின் உள்ளே இருக்கும் கம்பி வளையம் தளர்ந்தாலும் இதே மாதிரி தட்டும்.

மூன்றாவது, சுற்றுக்கு ஒருமுறை "சர்ர்... சர்ர்..." என்ற உரசல். இது டிரம்முக்குள்ளிருந்து வருவது. இதை உறுதி செய்ய ஒரு அருமையான சோதனை உண்டு. கை லிவர் உள்ள வண்டியில், ஆளில்லாத இடத்தில், 10 கி.மீ. வேகத்தில், ஹேண்ட்பிரேக் நுனியில் உள்ள பட்டனை அழுத்தியபடியே லிவரைக் கொஞ்சமாகத் தூக்குங்கள். பட்டனை விடக்கூடாது, விட்டால் லாக் ஆகிவிடும். இந்த வகைக் கார்களில் ஹேண்ட்பிரேக் பின் வீல்களை மட்டும்தான் பிடிக்கும். லிவரைத் தூக்கியதும் சத்தம் மாறினாலோ நின்றாலோ கோளாறு டிரம்முக்குள்தான். கால் பிரேக்கால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அது முன் வீல்களையும் சேர்த்துப் பிடிப்பதால் எங்கே மாறியது என்று சொல்ல முடியாது. மழை பெய்த மறுநாள் காலை முதல் சில பிரேக்கில் மட்டும் வந்து மறையும் உரசல் டிரம்மில் படிந்த துருவால் வருவது. அதற்கு எதையும் கழற்றத் தேவையில்லை.

இனி, எண்ண முடியாத முழக்கம். இதில்தான் பேரிங்கும் டயரும் ஒன்றுபோலவே பேசும். 60, 70 கி.மீ.யில் ஓட்டும்போது தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறினால் சத்தத்தின் தன்மை சட்டென்று மாறுகிறதா? அப்படியென்றால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே குரலில், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்கின் மேல் சந்தேகப்படலாம். நியூட்ரலில் உருட்டிப் பார்த்தும் சத்தம் குறையாவிட்டால் என்ஜினும் கியர்பாக்ஸும் காரணமல்ல. இதைச் செய்யும்போது என்ஜினை அணைக்காதீர்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நீண்ட வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்க வீல்களில் விழும். அப்போது முழக்கம் கூடினால் இடது பேரிங், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங். பின்பக்கம் லேசாக இருப்பதால் ஆளில்லாமல் ஓட்டினால் இந்த வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும். பின் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்தால் பாரமும் கூடும், கேட்க நான்கு காதும் கிடைக்கும்.

டயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. டயரின் விளிம்பை ஒட்டி முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் மறு திசையில் ரம்பப் பல்போலவும் கையில் இடறினால் டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குழி என்று தட்டுப்பட்டால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்து வீல் ரோட்டில் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. சந்தேகம் தீர, அதே பக்கத்து முன் வீலையும் பின் வீலையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் முன்னால் போய்விட்டால் கதை முடிந்தது: பேரிங்கைத் தொட வேண்டாம். ஆனால் டயரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் புது டயரும் சில மாதத்தில் அதே பாட்டைப் பாடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். அலைன்மென்ட் கடையில் பின் வீல்களின் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். டார்ஷன் பீமில் பின் வீல் கோணத்தை முடுக்கித் திருத்த பெரும்பாலும் வழியில்லை என்பதால் பல கடைகளில் பின்னால் அளப்பதே இல்லை. பள்ளத்தில் இடித்துப் பீம் வளைந்திருந்தால் அது இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது.

ஜாக்கி ஏற்றிப் பார்ப்பது

சமதளமான இடம் வேண்டும். முன் வீல்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அல்லது செங்கல் வைத்து, முதல் கியரில் போட்டு, அதன் பிறகே ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். முன் வீல் இழுக்கும் வண்டி என்பதால் கியரில் இருந்தாலும் பின் வீல் தாராளமாகச் சுற்றும். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது.

வீலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையால் அந்தப் பக்கத்து காயில் ஸ்பிரிங்கைப் பிடியுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்ட பேரிங் என்றால் விரலில் மணல் உருளுவதுபோல ஒரு நடுக்கம் தெரியும். காதுக்கு எட்டாத நிலையிலேயே கைக்கு எட்டிவிடும் அறிகுறி இது. இதற்கு நிகரான சோதனை வேறில்லை. இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். விரல் ஸ்பிரிங் இடுக்கிலோ சுற்றும் டயரிலோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்டம் பார்ப்பது. கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். "டக்" என்று ஆடினால் உடனே முடிவுக்கு வராதீர்கள். ஒருவரைக் கால் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்துப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். பிரேக் டிரம்மையும், அதற்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பின் தகட்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடுகிறது. பிரேக் பிடித்தும் ஆடினால் பீம் புஷ், ஷாக் அப்சார்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) என்று அதற்கும் மேலே தேட வேண்டும்.

ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் தட்டி, சமதளத்தில் அமைதியாக இருக்கும் சத்தத்துக்கும் வீலுக்கும் சம்பந்தமில்லை. முதலில் டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட் கொக்கி மூன்றையும் பாருங்கள். பிறகு சைலன்சரைத் தாங்கும் ரப்பர், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட், பீம் புஷ் என்று வரிசையாகப் போகலாம். புஷ் மாற்றினால் அதன் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். வீல் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

டிரம்மைத் திறந்தால்

டிரம் லேசில் வராது. ஹேண்ட்பிரேக் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல டிரம்களின் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும். பெரும்பாலும் 8 மில்லி போல்ட் சேரும். இரண்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்கினால் டிரம் தானாக வெளியே நகரும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிறை வடிவத் துண்டு) மாட்டியிருக்கிறது. பின் தகட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக, ஷூவின் இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் விடும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு டிரம் விரிசல் விடும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். மலிவான, பழைய ரக லைனிங்கில் (ஷூவின் மேல் ஒட்டிய, டிரம்மில் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். பிரேக் கிளீனர் அல்லது சோப்புத் தண்ணீரால் நனைத்து வழித்து எடுங்கள்.

பெரும்பாலானவர்கள் லைனிங்கின் கனத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். லைனிங் 1 மில்லிக்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 2 மில்லிக்குக் கீழே இறங்கியதுமே மாற்றுவது நல்லது. ஆனால் புது ஷூ போட்ட பிறகும் பிரேக் அடிக்கும்போது "கிளிக்" என்று தட்டும், "க்ரீச்" என்று கத்தும் வண்டிகளில் குற்றவாளி ஷூவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பின் தகட்டில் ஒவ்வொரு ஷூவும் உரசி நகர மூன்று மேடுகள் வீதம் மொத்தம் ஆறு சிறிய மேடுகள் உண்டு. வருடக்கணக்கில் உரசி அந்த மேட்டில் ஷூவின் விளிம்பு ஒரு பள்ளம் போட்டிருக்கும். பிரேக் அடிக்கும்போது ஷூ அந்தப் பள்ளத்தில் மாட்டி, பிறகு துள்ளி வெளியே வரும். அந்தத் துள்ளல்தான் கிளிக். நகத்தால் கீறிப் பாருங்கள், நகம் மாட்டினால் பள்ளம் இருக்கிறது. லேசான பள்ளத்தை எமரித் தாளால் சமன் செய்து, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு அரிசி அளவு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சாதாரண கிரீஸ் உருகி லைனிங்கில் வழிந்தால் பிரேக்கே போய்விடும். பள்ளம் ஆழமாக இருந்தால் தகட்டையே மாற்ற வேண்டும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவு. பிரேக் ஆயில் குடித்த ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஷூவைத் தாங்கும் ஊசி, அதன் மேல் உட்காரும் சிறு ஸ்பிரிங், ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் எல்லாம் முறியாமல், துருவில் மெலியாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முறிந்த ஸ்பிரிங் துண்டு டிரம்முக்குள் உருண்டுகொண்டிருந்தால் வரும் சத்தம் பயங்கரமாக இருக்கும். ஒரு பக்கத்தை முழுதாக மூடிய பிறகே மறு பக்கத்தைத் திறக்க வேண்டும். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்ற குழப்பம் வந்தால் மறு பக்கமே வழிகாட்டி.

டிரம்மின் உள்முகம் கோடுகோடாகக் கீறியிருந்தால் லேத்தில் கடையலாம். அதற்கு எல்லை உண்டு. அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்து எழுதப்பட்டிருக்கும். 180 மில்லி டிரம்முக்கு 182 என்பது பரவலாகக் காணும் அளவு. அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

பேரிங்தான் என்று உறுதியானால்

மூன்று வகை உண்டு. சில வண்டிகளில் பேரிங் டிரம்முக்குள்ளேயே பிரஸ் செய்யப்பட்டிருக்கும். சிலவற்றில், வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்த ஒரே உறுப்பாக, நான்கு போல்ட்டில் நிற்கும். கழற்றி மாட்டினால் போதும். பழைய வகைகளில் கூம்பு ரோலர் பேரிங் இரண்டு எதிரெதிராக இருக்கும். அதற்கு மட்டும்தான் கிரீஸ் அடைத்து ஆட்டம் சரிசெய்யும் வேலை. முதல் இரண்டும் சீல் செய்தவை, கிரீஸ் வைத்துக் காப்பாற்ற முடியாது.

பிரஸ் செய்யும் வகையில்தான் அதிகம் சொதப்புகிறது. பேரிங்கை டிரம்முக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் வைத்து அழுத்தினாலோ சுத்தியலால் அடித்து இறக்கினாலோ அந்த விசை குண்டுகள் வழியாகப் போய் ஓடுதளத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போடும். புது பேரிங் கொஞ்ச தூரத்திலேயே முழங்க ஆரம்பிப்பதற்கு இதுவே பெரிய காரணம். கடைக்காரர் போலிச் சரக்கு கொடுத்துவிட்டார் என்று அவர் மேல் சண்டைக்குப் போவதற்கு முன் எப்படி ஏற்றினார்கள் என்று கேளுங்கள். வெளி வளையத்தின் அளவுக்குச் சற்றே சிறிய வட்டத் தகட்டை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றுவதே முறை. ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி வர வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி கழற்ற வேண்டிவரும்.

அச்சின் நுனியில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நடு நட்டு பெரும்பாலும் ஒருமுறைக்கு உரியது. இறுக்கிய பிறகு அதன் மெல்லிய விளிம்பை பஞ்ச் வைத்து அச்சின் பள்ளத்துக்குள் தட்டி மடக்குவார்கள். பழைய நட்டின் விளிம்பு ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி பிடிக்காது, புதிது வாங்குங்கள். இறுக்கம் வண்டிக்கு வண்டி 100 நியூட்டன் மீட்டரிலிருந்து 200-க்கு மேல்கூடப் போகும். குறைந்தால் உள் வளையங்கள் விலகி ஆட்டம் வரும், அதனால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் சீலை நெம்பிப் பாருங்கள். கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்தோ, துருவோடு பழுப்பாகவோ இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் மூழ்கிய மாதிரி வீல் நடுப்பகுதி வரை தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இது பொருந்தும். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு எதுவும் தெரியாது, வாரங்கள் கழித்துத்தான் முழக்கம் கிளம்பும். ஒரு பக்கம் இப்படிக் கெட்டிருந்தால் மறு பக்கத்தையும் ஸ்பிரிங் பிடித்துச் சோதித்துவிடுங்கள். டிரம்களையும் திறந்து சேற்றைக் கழுவ வேண்டும். ஈர டிரம்மோடு ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்படி நிறுத்தும்போது கியரில் விட்டு, வீலுக்குக் கட்டை வைத்தால் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை இறக்கும் முன், கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை என்றால் ஷூ டிரம்மை நெருங்கி நிற்கும். வீலைச் சுற்றினால் மெல்லிய "ஸ்ஸ்" உரசல் கேட்கலாம், அது தவறில்லை; கையால் சுற்றவே கனத்தால் தவறு. புது ஷூ போட்டிருந்தால் முதல் 200 கி.மீ.க்கு அழுத்தமான பிரேக் தேவைப்படாத வேகத்தில் ஓட்டுங்கள். 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். அதே நிறுத்தத்தில், ரிம்மின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய் இடது, வலது சூட்டை ஒப்பிடுங்கள்; தொடாமல் அருகில் வைத்தாலே தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் ஷூ விடாமல் பிடிக்கிறது, அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறித் திரும்பாமல் நிற்கிறது. அந்த வீலை அன்றே மறுபடி திறக்க வேண்டும்.